அழாதே என்று யாருக்காகச் சொல்கிறோம்?

(காட்டுமன்னார்கோயிலில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



சிதம்பரத்திலிருந்து நம்மூருக்கு வரும் வழியில் திருநாரையூர் இருக்கிறது. பொல்லாப் பிள்ளையார் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இன்றைக்கு நான் பேச வந்ததற்கு அது வேண்டும். கோயில் அர்ச்சகர் வெளியூர் போக நேர்கிறது. பூசையை மகன் நம்பியிடம் விட்டுப் போகிறார். பையன் நைவேத்தியத்தைப் படைத்துவிட்டு, பிள்ளையார் சாப்பிடுவார் என்று காத்திருக்கிறான். பிள்ளையார் அசையவில்லை. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பையனுக்குத் துக்கம் பொங்குகிறது. அழுகிறான், கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போகிறான். அப்புறம்தான் பிள்ளையார் அவனைத் தடுத்துச் சாப்பிடுகிறார். அந்தப் பையன்தான் பின்னாளில் சோழ மன்னன் கேட்டுக்கொண்டபடி திருமுறைகளைத் தேடித் தொகுத்த நம்பியாண்டார் நம்பி.

இதே கதை இன்று நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். பக்கத்தில் நிற்பவர் ஒருவர் பையன் தோளில் தட்டி, "தம்பி, நெகட்டிவா யோசிக்காத. இன்னைக்கு சாப்பிடலன்னா நாளைக்கு சாப்பிடுவாரு. சிரி பாக்கலாம்" என்று சொல்லியிருப்பார். பையனும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். பிள்ளையார் பட்டினி. நமக்குத் தேவாரமும் கிடைத்திருக்காது.

நம்மூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வீரநாராயணப் பெருமாள் கோயிலில் நாதமுனிகள் இருக்கையில், வந்த யாத்ரீகர்கள் திருவாய்மொழியில் ஒரு பத்துப் பாட்டைப் பாடினார்கள்; மீதிப் பாட்டு எங்கே என்று தேடிப் புறப்பட்டு, நாலாயிரத்தையும் அவர் மீட்டுக்கொண்டு வந்தார் என்பது வைணவ மரபு. அதாவது, தமிழின் இரண்டு பெரிய பக்தித் தொகுப்புகளும் இந்த வட்டாரத்து மனிதர்கள் இருவர் கையால் நமக்கு வந்தவை. வீராணத்துத் தண்ணீர் மட்டும்தான் சென்னைக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், இதெல்லாம் எப்போதோ உலகத்துக்குப் போய்விட்டது. இந்த இரண்டு தொகுப்பிலும் அழுகையையும் ஏக்கத்தையும் ஆற்றாமையையும் எடுத்துவிட்டால் எவ்வளவு மிஞ்சும்? நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி உருகுவதை, அந்தப் பெண்ணின் தாய் புலம்புவதை, நாதமுனிகள் "இது சோகமாக இருக்கிறது" என்று விட்டுவிட்டு வரவில்லை. அவர் பேரன் ஆளவந்தார் எழுதிய ஸ்தோத்ர ரத்னத்தில், தனக்கு ஒரு தகுதியும் இல்லை, வேறு போக்கிடமும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறார். அவரைப் போய் யாரும் தாழ்வு மனப்பான்மைக்காரர் என்று சொன்னதில்லை.

இப்படிப்பட்ட ஊரில், காலையில் எழுந்து கைப்பேசியைத் திறந்தால் சூரிய உதயப் படத்தின் மேல், "சிரித்துக்கொண்டே இரு, துன்பம் உன்னைப் பார்த்து ஓடிவிடும்" என்று ஒன்பது பேர் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர்களில் இரண்டு பேருக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று. ஆனாலும் அனுப்புகிறார்கள். நானும் கும்பிடும் கை ஒன்றைத் திருப்பி அனுப்புகிறேன்.

சில வருடங்களுக்கு முன், பொதுத்தேர்வு நெருங்கும் சமயம், ஒரு பள்ளியில் தன்னம்பிக்கைப் பயிலரங்கம் நடந்தது. ஆசிரியர் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மைக்கைப் பிடித்தவர் கெட்டிக்காரர். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், வலது கையை நெஞ்சில் வைத்து, "நான் ஜெயிக்கப் பிறந்தவன்" என்று கத்தச் சொன்னார். தகரக் கொட்டகை அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் அப்பாவுக்குக் கருமாதி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பேச்சாளருக்கு அது தெரியாது. கண்ணில் பட்டுவிட்டாள். மேடைக்குக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு முகத்துல சிரிப்பக் கொண்டாராம நான் ஊருக்குப் போறதில்ல" என்றார். பிள்ளைகள் கைதட்டின. ஒரு பள்ளியே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வேறென்ன செய்வாள்? சிரித்தாள். அவர் மைக்கில் "பாத்தீங்களா!" என்றார். அன்று பிற்பகல் அவள் வகுப்பில் இல்லை.

அந்தச் சிரிப்பு யாருக்குப் பயன்பட்டது? பேச்சாளருக்குப் பயன்பட்டது, கைதட்டியவர்களுக்குப் பயன்பட்டது. அழுத முகத்தைப் பார்க்கும் சங்கடத்திலிருந்து அந்தக் கொட்டகையே தப்பித்தது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: "அழாதே, நல்லதையே நினை" என்பதை நாம் பெரும்பாலும் நம் சௌகரியத்துக்காகவே சொல்கிறோம். அதனால் அழுகிறவருக்கு வலி குறைவதில்லை. அழவைத்த காரணம் மட்டும் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகிறது.

வலி குறைவதில்லை என்று நான் என் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1993-ல் ஒரு சோதனை செய்தார்கள். பார்க்கவே கூசும் மருத்துவப் படங்களை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினரை, பார்க்கிறவருக்குத் தெரியாதபடி உணர்ச்சியை மறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அருவருப்பு குறையவில்லை. உடம்புக்குள் பதற்றத்தைக் காட்டும் அளவுகள் சில, மறைக்காதவர்களைவிட அதிகமாகவே ஏறின. 2003-ல் எமிலி பட்லர் என்பவரும் கிராஸும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. மனதை உலுக்கும் படம் ஒன்றைப் பார்த்த இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி மட்டும் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு பேசுகிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கும் ரத்த அழுத்தம் ஏறுகிறது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்த மருமகளுக்கு இந்த ஆய்வே தேவையில்லை.

"நான் ஜெயிக்கப் பிறந்தவன்" விஷயத்துக்கு வருவோம். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோஆன் வுட் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நான்கு நிமிடம், மணி அடிக்கும்போதெல்லாம், "நான் நேசிக்கத் தகுந்தவன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு கூடியது. தன்னைப் பற்றி மட்டமாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அதைச் சொல்லச் சொல்ல, சொல்லாதவர்களைவிடக் கீழே போய்விட்டார்கள். வயிறு நிறைந்தவனுக்குப் பந்தி போட்டுவிட்டுப் பசித்தவனைப் பார்க்க வைத்த கதைதான். அப்படிச் சொல்லும்போதே, "அப்படியா? உன்னை யார் நேசிக்கிறார்கள்?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும் போலிருக்கிறது.

நோயாளிகள் படும் பாடு இதைவிட மோசம். நம் பகுதியிலிருந்து புற்றுநோய்க்குப் புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னை அடையாறுக்கும் போகிறவர்கள் நிறைய. பார்க்கப் போகிறவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்: "தைரியமா இருங்க, பாதி வியாதி மனசுலதான்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வியாதி திரும்பி வந்தால்? தைரியம் போதவில்லை என்று ஆகிறது. கட்டிக்கும் அவரே பொறுப்பு, கட்டி கரையாததற்கும் அவரே பொறுப்பு. 2007-ல் ஜேம்ஸ் காய்னும் குழுவினரும் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரை ஆராய்ந்தார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள் என்று சொல்ல அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் தனக்கே மார்பகப் புற்று வந்து, "இதை ஒரு வரமாக நினை" என்று சொன்னவர்களிடம் சிக்கி, அந்தக் கோபத்திலிருந்து 2009-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கோபத்தில் எழுதினாலும் நிதானமான புத்தகம்.

இனி நம் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார். சிரிப்பை முதலில் வைத்துவிட்டு, அதற்கு அடுத்ததாக அழுகையை வைக்கிறார். அந்த அழுகை நான்கு காரணத்தால் வரும் என்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவுபடுத்துவது ஒன்று. உயிரையோ பொருளையோ இழப்பது ஒன்று. இருந்த நிலையிலிருந்து சரிந்துபோவது ஒன்று. இல்லாமை ஒன்று. பள்ளியில் இதை ஐந்து மதிப்பெண் கேள்வியாக நடத்திவிட்டுப் போய்விடுவோம். நிறுத்திப் பார்த்தால், அழுகிறவனின் மனத்தில் ஏதோ கோளாறு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நான்கு காரணமும் வெளியே, உலகத்தில் இருக்கின்றன.

இந்த மாவட்டத்தை அந்த நான்கில் வைத்துப் பாருங்கள். இழவுக்குப் பஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் போனார்கள். 2020 செப்டம்பர் 4 அன்று பக்கத்துக் குருங்குடியில் நாட்டுவெடி செய்யும் இடம் வெடித்ததில் கூலிக்குப் போன பெண்கள் கருகினார்கள். அந்த வீடுகளில் போய், "நடந்தது நடந்துபோச்சு, ஆகவேண்டியதப் பாருங்க" என்று முதல் வாரத்திலேயே சொன்னவர்கள் உண்டு. வெடிமருந்து இருக்கும் இடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம், யார் வந்து சோதிக்க வேண்டும் என்ற கேள்வியெல்லாம் அந்த அழுகைக்குள்தான் இருந்தது.

அசைவு என்றால் எனக்கு ‘தானே’ புயல்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன. பலா மரம் என்பது தாத்தா வைத்து, அப்பா காய் பறித்து, பேரன் கல்யாணத்துக்கு உதவும் சொத்து. முந்தின நாள் வரை நாலு பேருக்குக் கூலி கொடுத்தவர் மத்தியானம் நிவாரண வரிசையில் நிற்கிறார். "உயிர் தப்பிச்சோமேன்னு சந்தோஷப்படுங்க" என்றால் அவர் எப்படிச் சந்தோஷப்படுவார்? அவர் உயிருக்காக அழவில்லை. நம்மூர்ப் பக்கம் வீராணம் நிரம்பி வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீர் திறந்துவிட்டால் குமராட்சி வரை நடவு மூழ்கும். 2015-ல் பார்த்தோம். இளம்பயிர் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிய வாடை வரும். அந்த வாடைக்கு நடுவில் நிற்கிறவரிடம், "அடுத்த போகம் அள்ளிடலாம் மாமா" என்பவர் ஓடையைத் தூர்வாராததைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் தப்பித்துக்கொள்கிறார்.

வறுமைக்கு வாரக் கடன் ஒன்றே போதும். பத்துப் பெண்கள் ஒரு குழு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். வசூலுக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார், பணம் வரும்வரை மற்றப் பெண்களும் கலைய முடியாது. இங்கே வறுமையோடு இளிவும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பெண் தூங்க முடியவில்லை என்று சொன்னால், "யோகா பண்ணு, மனச லேசா வச்சுக்க" என்கிறோம். யோகா நல்லதுதான், ஆனால் தவணை செவ்வாய்க்கிழமை. கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. பெண்கள் எல்லாரும் மனசை லேசாக வைத்துக்கொண்டிருந்தால் அது வந்திருக்காது.

இளிவைப் பற்றி இந்த மண்ணில் நான் நீட்ட வேண்டியதில்லை. நந்தனாரின் ஆதனூர் கொள்ளிடக்கரை ஊர். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர். இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சாளர் கையில் கிடைத்தால் அவரை இலக்கு நிர்ணயத்துக்கு உதாரணமாக்கிவிடுவார். அவர் ஏன் இன்றைக்கே போக முடியவில்லை, மதில் யார் கட்டியது என்ற பேச்சு அந்த உரையில் வராது.

இங்கே ஒருவர் கையைத் தூக்கப் பார்க்கிறார். எதற்கென்று எனக்குத் தெரியும், ஐயா. துன்பம் வரும்போது சிரி என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்பீர்கள். சொல்லியிருக்கிறார். இடுக்கண் அழியாமை, 63-ஆம் அதிகாரம். அதற்கு முந்தின அதிகாரம் ஆள்வினை உடைமை, விடாமல் உழைப்பதைப் பற்றி. ஒரு காரியத்தில் இறங்கி, தடை வந்து, பின்வாங்காமல் நிற்கிறவன் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் இடம் அது. அடுத்த வீட்டு எழவில் போய்ச் சொல்வதற்கு அவர் எழுதவில்லை. அதே அரசியல் பகுதியில் ஏழு அதிகாரம் முன்னால் கொடுங்கோன்மை இருக்கிறது. தாங்க முடியாமல் அழுதவர்களின் கண்ணீர் ஆள்கிறவனுடைய வளத்தையே அராவிக் குறைத்துவிடும் என்கிறார் அங்கே. கண்ணீரை ஆயுதம் என்று மதித்த மனிதரை நாம் சிரிப்பு வைத்தியர் ஆக்கிவிட்டோம்.

தெம்பு தரும் எழுத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ எத்தனையோ சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு முதுகெலும்பு கொடுத்தது, எனக்கும் கொடுத்தது. நானாகத் தேடி எடுத்துப் படித்தேன், வேண்டாதபோது மூடி வைத்தேன். மேடைக்கு இழுத்துச் சிரிக்க வைப்பது வேறு.

நம் பெண்களிடம் ஒப்பாரி இருந்தது. தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். செத்தவரைப் பற்றி மட்டுமா பாடினார்கள்? சீர் கொண்டுவராத அண்ணன், சோறு போடாத மருமகள், பங்கு தராத பங்காளி எல்லாரும் அதில் வருவார்கள். வேறெங்கும் வாய் திறக்க முடியாத பெண் அங்கே எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி வழக்குரைப்பாள். எழவு வீட்டில் அவளை யாரும் அடக்க முடியாது. இன்று ஃப்ரீசர் பெட்டியும் சாமியானாவும் வாசலில் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸும் வந்துவிட்டன, ஒப்பாரி கூலிக்கு மைக்கில் பாடப்படுகிறது. வீட்டுப் பெண்களைப் பார்த்து, "நீயே அழுதா புள்ளைங்கள யாரு தேத்துறது?" என்கிறோம். பிள்ளைகளோ, அம்மா அழாததைப் பார்த்து, தாங்களும் அழக்கூடாது போலிருக்கிறது என்று விழுங்கிக்கொள்கின்றன.

துக்கம் காக்க விடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈழத்தைப் பார்க்கலாம். போரின் மனப் பாதிப்புகளைப் பற்றிப் பல காலம் எழுதிவரும் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், உடல் கிடைக்காமல், சடங்கு செய்ய முடியாமல் போன குடும்பங்களில் துக்கம் ஆறாமல் உறைந்துவிடுவதைக் காட்டியிருக்கிறார். 2009-ல் போர் முடிந்த பிறகு தெற்கே வெற்றி விழா நடந்தது. வடக்கே, கிழக்கே விளக்கேற்றுவதற்குத் தடை இருந்தது. 2024 மே மாதம் திருகோணமலைச் சம்பூரில் போரில் இறந்தவர்கள் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி ஊற்றிய பெண்களைக் கைது செய்தார்கள். ஒரு அரசாங்கமே மக்களைப் பார்த்து, "பழையதை மறந்து முன்னேறப் பாருங்கள்" என்று சொன்னால் அது இப்படித்தான் முடியும்.

அப்படியானால் என்னதான் பேசுவது என்று கேட்பீர்கள். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்கிறது. அங்கே தொண்டு செய்ய வருபவர்களுக்கு முதல் பாடம், காது கொடுத்துக் கேட்பது. புத்திமதி சொல்ல அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நம் கடற்கரை ஊர்களில் இருந்தே ஆட்களைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தபோதும், நடந்ததைச் சொல்ல விட்டுக் கேட்பதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தது.

எழவு வீட்டுக்குப் போனால், இறந்தவரைப் பற்றி ஏதாவது கேளுங்கள். "அண்ணன் கடைசியா எப்ப சிதம்பரம் வந்தாரு?" என்று கேட்டால் போதும், அவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். நடுவில் அழுவார்கள், அழட்டும். அடுப்புப் பற்றவைக்காத வீடாக இருந்தால் சோற்றைக் கட்டிக்கொண்டு போங்கள், நம் ஊர் வழக்கம்தானே. தேர்வில் தோற்ற பிள்ளையிடம் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லாதீர்கள், அவனுக்கு அது விஷயம். "எந்தப் பாடம் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பயிர் போனவரிடம் எத்தனை ஏக்கர், காப்பீடு கட்டியிருக்கிறாரா, வி.ஏ.ஓ. வந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்ற பேச்சு வருகிறது என்றால், கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. அது வைத்தியத்துக்கு உரியது. "பாசிட்டிவா இரு" என்ற பேச்சு செய்யும் பெரிய கெடுதல், இப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போவதை ஆறு மாதம் தள்ளிப்போடுவதுதான். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே பார்க்கிறார்கள். டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், எண் 14416. மாணவர்கள் எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கையைத் தூக்கிய ஐயா முதலில் கேட்கட்டும்.